அணை கட்டினார்கள், இறால் போனது, நத்தை வந்தது

தண்ணீரில் இறங்குபவர்களுக்குத் தோல் வழியாகத் தொற்றும் பில்ஹார்சியா நோயைத் தரும் புழு மனித உடம்புக்குள் முட்டைதான் போடும், அங்கேயே பெருகாது. பெருக்கமெல்லாம் நன்னீர் நத்தைக்குள். சிறுநீரிலோ மலத்திலோ வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத குட்டிப்புழு ஒன்று நீந்தத் தொடங்கும். சில மணி நேரத்துக்குள் ஏற்ற நத்தை கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். கிடைத்துவிட்டால், அந்த ஒரே புழுவிலிருந்து சில வாரங்களில் ஆயிரக்கணக்கில், வால் பிளந்த புழுக்கள் வெளியே வரும். அதுவும் பெரும்பாலும் பகலில், மக்கள் துவைக்கவும் குளிக்கவும் இறங்குகிற நேரத்தில். தோலில் ஒட்டி, வாலைக் கழற்றிவிட்டு, சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். காயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

பிராசிகுவாண்டல் மாத்திரை வளர்ந்த புழுக்களைக் கொல்லும். ஆனால் மாத்திரை போட்ட பிள்ளை அதே துறையில் மறுபடி இறங்கினால் மறுபடி தொற்றும். அதனால்தான் நத்தையையும் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் 1986இல் டியாமா அணை கட்டி முடிக்கப்பட்டது. கடல்நீர் ஏறுவது நின்றது, நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் கிடைத்தது. உப்பு போனதும் நீர்ச்செடி செழித்தது, அதோடு நத்தையும். அதுவரை அந்தப் பக்கம் இல்லாத, குடலைத் தாக்கும் பில்ஹார்சியா வகை, ரிச்சர் டோல் என்ற கரும்பு ஊரில் சில ஆண்டுகளிலேயே பரவிவிட்டது.

அணை இன்னொரு வேலையும் செய்தது. அந்த ஆற்று இறால் வளர்வது நன்னீரில், ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்பு கலந்த முகத்துவார நீர் வேண்டும். அந்தப் பாதை அடைபட்டது. இந்த இறால் நத்தை தின்னி: சின்ன நத்தையை அப்படியே நொறுக்கும், பெரியதை ஓட்டின் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும். லம்ப்சார் என்ற ஊரில் தண்ணீர்த் துறையை வலையால் அடைத்து இறாலை விட்டுப் பார்த்தார்கள். தொற்றுள்ள நத்தைகள் குறைந்தன, மக்களிடமும் தொற்று குறைந்தது. 2015இல் வந்தது இந்த முடிவு. சிக்கல் என்னவென்றால், அங்கே இறால் தானாகப் பெருகாது. குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வளர்ந்ததைப் பிடித்து விற்றால்தான் கட்டுப்படியாகும்.

நிக்லோசமைடு என்ற நத்தைக்கொல்லி மருந்தைத் தெளித்தால் நத்தை உடனே சாகும்தான். கூடவே மீனும் சாகும், அப்புறம் நத்தை திரும்பி வரும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது ரொம்பச் சாதாரணமான ஒரு வழி: துறைகளில் மண்டிய செடியை வாரி வெளியே போடுவது. வயல் உரம் வடிந்துதான் அந்தச் செடி கொழுக்கிறது, நத்தைக்கு அதுவே வீடும் தீனியும். 16 ஊர்களில் நடந்த ஆய்வில், செடி அகற்றிய இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மறுதொற்று குறைந்தது; இந்த முடிவு 2023இல் வெளியானது. வாரிய செடியை மட்கவைத்து வயலுக்கே திருப்பி உரமாகப் போட்டார்கள், மீதியை ஆடுமாடுகள் தின்றன.