குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன்

எந்தத் தடுப்பும் இல்லாமல் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால்தான் அது குழந்தையின்மை. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் மட்டும் ஆறு மாதத்திலேயே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்யாணமாகி நாலே மாதத்தில் மாமியார் பேச்சுக்குப் பயந்து வரும் சின்ன வயதுப் பெண்ணின் தலையில்கூட டெஸ்ட் டியூப் பேக்கேஜைக் கட்டிவிடுகிறார்கள்.

அதைவிடக் கொடுமை, கணவருக்கு ஒரு பரிசோதனைகூடச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மாத்திரையும் ஊசியும் ஸ்கேனும் நடப்பது. குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். விந்துப் பரிசோதனைக்கு வலியும் இல்லை, பெரிய செலவும் இல்லை. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும். அந்த ரிப்போர்ட் கையில் வரும்வரை மனைவிக்குக் கருக்குழாய்ப் பரிசோதனை, வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி என்று எதற்கும் சம்மதிக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போனாலும் முதல் நாளே இருவரும் சேர்ந்து போங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

இனி சட்டம். கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு உண்டாக்கும் ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் முறை) போன்ற சிகிச்சைகளை 2021-ஆம் ஆண்டு வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பெண்ணுக்கு 21-க்கு மேல் 50-க்குள், ஆணுக்கு 21-க்கு மேல் 55-க்குள் வயது இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும் இந்த வரியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட பிறந்த தேதிதான் நம்மில் பலருக்கு ஆதாரிலும் இருக்கிறது. உண்மையில் 47 வயதுப் பெண்ணாக இருந்தாலும் காகிதத்தில் 50 என்றால் கதவு மூடிவிடும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் திருத்த முடியும். அதனால் சரியான ஆவணத்தோடு முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். திருமணப் பதிவுச் சான்றில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டில் இனிஷியலே இல்லை. மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க அவள் இ-சேவை மையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைய வேண்டியிருக்கிறது. ஊசி போடத் தேதி குறித்த பிறகு இந்த அலைச்சல் தாங்காது. திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் முதலில் அதை முடியுங்கள்.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறார்களா? எந்த நிலை? முதல் நிலை மையம் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. மட்டும்தான் செய்யலாம், ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு வேண்டும். செலவு, பக்கவிளைவு, அந்த மையத்தில் வெற்றிக்கு உள்ள வாய்ப்பு, இரட்டைக் கரு உண்டாகும் ஆபத்து இவ்வளவையும் உங்களுக்கு விளக்கிச் சொல்வது அவர்கள் கடமை. "நூறு சதவீதம் நிச்சயம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பேக்கேஜில் ஹார்மோன் ஊசி அடங்குமா, மயக்க மருந்து அடங்குமா, கருவை உறைய வைக்க வருடத்துக்கு எவ்வளவு, உறைய வைத்த கருவை மறுபடி வைக்கத் தனிப் பணமா என்று எழுதி வாங்குங்கள். குறைந்த விலை போட்டு இழுப்பவர்கள் மீதியை வசூலிப்பது இந்த இடங்களில்தான்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்பி இறங்காதீர்கள். பெரும்பாலான பாலிசிகளில் குழந்தையின்மை சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். ஏஜென்ட் வாய்வார்த்தை உதவாது, பாலிசிப் பத்திரத்தில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

வேறொருவரின் கருமுட்டை தேவை என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயது இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், அவருக்கு நீங்கள் காப்பீடு எடுக்க வேண்டும். பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலமாகத்தான் வர வேண்டும். 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்து விற்றது வெளியே வந்தது. புரோக்கர் கூட்டி வரும் பெண்ணை ஏற்காதீர்கள்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் இருக்கும். தமிழில் விளக்கச் சொல்லுங்கள், பிரதி கேளுங்கள். கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன் எந்த நேரத்திலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணம் கட்டியாச்சே என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

தகராறு வந்தால், ஒவ்வொரு மையத்திலும் குறைதீர் பிரிவு இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். காவல் நிலையத்தில் சுகாதாரத் துறைக்குப் போகச் சொல்வார்கள், அங்கே போனால் வேறு அலுவலகத்தைக் காட்டுவார்கள். வாய்வார்த்தைக்கு எந்த மேசையிலும் மதிப்பில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. சண்டை முற்றிய பிறகு கேட்டால் ஃபைல் காணாமல் போகும், ஆகவே சிகிச்சை நடக்கும்போதே ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.