கண் போடும் தப்புக்கணக்கு

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மிதிக்கும்போது மோட்டாரும் கைகொடுக்கும் சைக்கிளான இ-பைக் வாங்கி நாலு மாதம் ஆகிறதாம். அதற்குள் மூன்று தடவை பக்கத்துச் சாலையிலிருந்து வந்த கார் அவருக்குக் குறுக்கே நுழைந்துவிட்டது. "சாதாரண சைக்கிளில் இதே வழியில் பத்து வருஷம் போயிருக்கிறேன், இப்படி ஆனதே இல்லை. மூன்றாவது தடவை அந்த டிரைவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். இது திமிரா, இல்லை எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இருக்காது என்று நினைக்கிறேன். அந்த டிரைவர் உங்களைப் பார்த்திருக்கிறார். நீங்கள் வந்து சேர எத்தனை நேரமாகும் என்று அவர் மூளை கணக்கும் போட்டிருக்கிறது. அந்தக் கணக்குத்தான் தப்பாகப் போயிருக்கிறது. அது எப்படித் தப்பியது என்பதில் அழகான அறிவியல் இருக்கிறது.

அதற்கு முன்னால் பள்ளிக்கூட இயற்பியலை வேகமாக முடித்துவிடுவோம். காலால் மிதித்து நிதானமாகப் போகிறவர் மணிக்கு 15 கிலோமீட்டர் போவார். இ-பைக் அலட்டிக்கொள்ளாமல் 25-ஐத் தொடும். ஐரோப்பிய நாடுகளில் மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவி அந்த 25-இல் நின்றுவிட வேண்டும் என்பது விதி. பத்து கிலோமீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகிவிடுகிறது. ஆபத்தைக் கவனித்து பிரேக்கை அழுத்த ஒன்றரை வினாடி, அதன்பின் சுமாரான பிரேக் என்று வைத்துப் பாருங்கள். 15-இல் போகிறவர் எட்டு மீட்டர் சொச்சத்தில் நிற்பார், 25-இல் போகிறவருக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டியிருக்கும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்யும். அதைப் படாரென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். ஹெல்மெட் பற்றி விவாதமே வேண்டாம், போடுங்கள்.

சரி, இனி அந்த டிரைவரின் கண்ணுக்குள் போவோம்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். அந்த விரலின் அகலம் உங்கள் பார்வையில் ஏறத்தாழ 2 டிகிரி. விழித்திரையில் நுணுக்கமாகப் பார்க்கக்கூடிய நடுப்பகுதி காட்டுவதும் அவ்வளவுதான். மீதி உலகமெல்லாம் நமக்கு ஓரளவு மங்கல்தான். அதனால்தான் கண் ஓரிடத்தில் நிற்காமல் வினாடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் அந்த நொடியில் வரும் படத்தை மூளை பெரும்பாலும் அமுக்கிவிடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விழி அசைவது தெரியவே தெரியாது. அதையே போனின் முன்பக்கக் கேமராவில் செய்தால், படம் ஒரு துளி தாமதமாக வருவதால், அசைவு தெரிந்துவிடும். நான் முதல் தடவை செய்து பார்த்தபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது. நம் நாளில் எத்தனை துண்டுகள் இப்படிக் காணாமல் போகின்றன!

சந்திப்பில் நிற்கும் டிரைவர் தலையைச் சட்டென்று இடமும் வலமும் திருப்பும்போது இந்தத் தாவல்கள் பெரிதாகின்றன. ஒரு தாவலுக்குள் ஓர் இ-பைக் முழுசாகக் காணாமல் போய்விடலாம். ஆனால் நம் வாசகரின் கேஸ் இதுவல்ல. அவரைத்தான் டிரைவர் நேராகப் பார்த்தாரே.

ஒரு பொருள் நம்மை நோக்கி வருகிறது என்பதைக் கண் எப்படித் தெரிந்துகொள்கிறது? அது விரிவதை வைத்துத்தான். இ-பைக்கின் ஹேண்டில்பார் அகலம் 60 சென்டிமீட்டர், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் தூரத்தில் அது டிரைவர் கண்ணில் 0.86 டிகிரி, உங்கள் கட்டைவிரலில் பாதிகூட இல்லை. 20 மீட்டரில் 1.7 டிகிரி. 10 மீட்டரில் 3.4. 5 மீட்டரில் ஏறக்குறைய 7. இப்போது நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 40-இலிருந்து 20-க்கு வர 2.9 வினாடி. அவ்வளவு நேரத்திலும் உருவம் கூடியது ஒரு டிகிரிக்கும் கீழே. 20-இலிருந்து 10-க்கு 1.4 வினாடி, அதில் கூடியது 1.7 டிகிரி. 10-இலிருந்து 5-க்கு வெறும் 0.7 வினாடி, அதில் 3.4 டிகிரி ஊதிவிடுகிறது. பாதி நேரத்தில் இரட்டிப்பு வளர்ச்சி, மறுபடி பாதி நேரத்தில் மறுபடி இரட்டிப்பு. தூரத்தில் இருக்கும்வரை சுவரில் ஒட்டிய படம் மாதிரி சும்மா இருந்துவிட்டு, கடைசியில் ஒரேயடியாக முகத்தில் வெடிக்கிற விரிவு இது. "எங்கிருந்துதான் வந்தானோ!" என்று டிரைவர்கள் சொல்வது பல நேரம் பொய் இல்லை. அவர்கள் கண்ணுக்கு நடந்தது அதுதான்.

டிரைவர் உங்களை 40 மீட்டரில் அரை வினாடி பார்க்கிறார் என்று வையுங்கள். அந்த அரை வினாடியில் உங்கள் உருவம் வளர்ந்தது 0.08 டிகிரி. கட்டைவிரல் அகலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! இதில் வேகத்தைப் படிக்கச் சொன்னால் எந்தக் கண்ணால்தான் முடியும்?

இந்த விரிவுக்குள் ஒரு மந்திரக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உருவத்தின் கோணத்தை, அது வளரும் வீதத்தால் வகுங்கள். 40 மீட்டரில் கோணம் 0.86 டிகிரி, வளரும் வீதம் வினாடிக்கு 0.149 டிகிரி. வகுத்தால் 5.8. அதாவது வந்து சேர இன்னும் 5.8 வினாடி. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பாருங்கள், அதே விடைதான் வரும். வருவது எத்தனை பெரியது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என்ன வேகம் என்று ஒன்றுமே தெரியாமல், கண்ணில் விழும் படத்தை மட்டும் வைத்து மோதல் நேரத்தைச் சொல்லிவிடலாம். இப்படி வகுத்து வரும் எண்ணுக்கு 'டௌ' என்று கிரேக்க எழுத்தின் பெயரை வைத்து, காரை நிறுத்தும்போது டிரைவர் இதைத்தான் பயன்படுத்தக்கூடும் என்று 1976-இல் டேவிட் லீ என்ற உளவியலாளர் எழுதினார். எனக்கு இது இயற்கையின் மிகச் சிக்கனமான வகுத்தல் கணக்கு.

ஆனால் வகுக்க வேண்டுமென்றால் வளர்ச்சி முதலில் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். அதே தூரத்தில், அதே வேகத்தில் வரும் கார் 1.8 மீட்டர் அகலம். அதன் விரிவு மூன்று மடங்கு, அதனால் முன்னதாகவே உறைத்துவிடும். இ-பைக்கின் விரிவு உறைக்காதபோது மூளை பழைய குறுக்குவழிக்குப் போய்விடுகிறது: சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது, பெரிதாகத் தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் சரியாக வரும் விதிதான். ஆனால் ஒரே நேரத்தில் வந்து சேரக்கூடிய காரையும் இரு சக்கர வண்டியையும் காட்டிச் செய்த சோதனைகளில், இரு சக்கர வண்டிதான் தாமதமாக வரும் என்று மக்கள் கணித்திருக்கிறார்கள். லாரி வந்தால் காத்திருக்கும் அதே மனிதர் உங்களைக் கண்டதும் வண்டியை எடுப்பதற்கு, லாரியிடம் இருக்கும் பயம் உங்களிடம் இல்லை என்பது மட்டும் காரணமில்லை.

இந்த வேலைக்கென்றே ஒரு நரம்புசெல் வைத்திருக்கும் பிராணி ஒன்று உண்டு. வெட்டுக்கிளி. பெருங்கூட்டமாகப் பறந்தும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் தப்பிக்க அதற்கு உதவுவது, ஒவ்வொரு கண்ணுக்குப் பின்னாலும் இருக்கும் ஒரு பெரிய செல். பக்கவாட்டில் கடந்து போகிறவற்றை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. நேராக விரிந்து வருவதற்கு மட்டும் படபடவென்று துடிக்கும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிளேர் ரிண்டும் பீட்டர் சிம்மன்ஸும் வெட்டுக்கிளியைத் திரைக்கு முன்னால் பொருத்தி, விண்கலங்கள் பாய்ந்து வரும் சினிமாக் காட்சிகளைப் போட்டுக்காட்டி அந்தச் செல்லின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். 2005-இல் இதற்கு, சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் கிடைத்தது. அதுவும் அமைதிப் பரிசு!

பூச்சிக்கு சினிமா காட்டவா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: காருக்கான மோதல் எச்சரிக்கைக் கருவிகளை வெட்டுக்கிளியின் அந்த ஒற்றைச் செல்லைப் பார்த்து வடிவமைக்கும் முயற்சிகள் இந்த வேலையிலிருந்துதான் கிளைத்தன. பயனை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால்தான் காசு என்ற நிபந்தனை இருந்திருந்தால், அந்த விண்ணப்பம் முதல் மேஜையிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

இ-பைக்குக்கு வருவோம். அதற்குக் கூடுதலாக ஒரு வம்பு உண்டு. சைக்கிளின் வேகத்தை நாம் ஓட்டுகிறவரின் உடம்பை வைத்தும் ஊகிக்கிறோம். குனிந்து, தொடை பிதுங்க மிதித்தால் வேகம். நிமிர்ந்து உட்கார்ந்து காலைச் சோம்பலாகச் சுற்றினால் மெதுவு. இ-பைக்கில் மோட்டார் பாரத்தைச் சுமப்பதால், உலாவப் போகிறவர் மாதிரி உட்கார்ந்தபடியே 25-இல் போகலாம். உடம்பு ஒன்று சொல்கிறது, சக்கரம் வேறொன்று செய்கிறது. வாசகரின் பத்து வருஷ அனுபவம் உதவாமல் போனது இதனால்தான் என்று சந்தேகிக்கிறேன். இந்த விஷயத்தில் டிரைவர்களுக்கும் பத்து வருஷப் பழக்கம் இருக்கிறதே. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகளில், வரும் சைக்கிளின் வேகம் கூடக்கூட, டிரைவர்கள் முன்னைவிடக் குறைந்த நேர இடைவெளியிலும் குறுக்கே போகத் துணிந்தார்கள். அவர்கள் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள், வேகத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இரவில் இது இன்னும் மோசம். ஒற்றை ஹெட்லைட் ஒரு புள்ளி. புள்ளிக்கு அகலம் ஏது, விரிய? லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் ஜான் வான் குழுவினர் மோட்டார் சைக்கிளில் மூன்று விளக்குகளை முக்கோணமாக வைத்துச் சோதித்தபோது, அதன் வேகத்தை மக்கள் இருட்டிலும் முன்னைவிட நன்றாகக் கணித்தார்கள். அதனால் நடுவிளக்கோடு ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் சின்ன விளக்கு மாட்டுங்கள். ஒரே விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டினால் எதிரே வருகிறவருக்குக் கண் கூசுவதுதான் மிச்சம். கணுக்காலிலும் முழங்காலிலும் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை கட்டுவதும் நல்லது. மேலும் கீழும் போகும் புள்ளிகளை மூளை நொடியில் 'மனிதன்' என்று பிடித்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை, நீங்கள் மிதிக்க வேண்டும். கைத்திருகில் ஓடும் வண்டியில் கால் சும்மா இருந்தால் பட்டையும் சும்மாதான்.

மோதப்போகும் இரண்டு வண்டிகள் மாறாத வேகத்தில் நேராகப் போனால், ஒன்றிலிருந்து மற்றது தெரியும் திசை மாறவே மாறாது. மாலுமிகளுக்கு இது பாலபாடம். எதிர்க்கப்பலின் திசைக்கோணம் மாறாவிட்டால் மோதல் ஆபத்து இருப்பதாக எடுத்துக்கொள் என்கின்றன 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிகள். சாலையில் இதன் விளைவு கொடூரமானது. காரின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூண், 20 மீட்டர் தள்ளி வரும் ஓர் இ-பைக்கை முழுசாக மறைத்துவிடும். கோணம் மாறாததால் கடைசிவரை அந்த மறைவிலேயே நீங்கள் வந்துகொண்டிருப்பீர்கள். மறைக்காவிட்டாலும், பின்னணியை விட்டு நகராத உருவம் பின்னணியோடே சேர்ந்துவிடும்.

இதை உடைக்க வழி சுலபம். சந்திப்பை நெருங்கும்போது, பின்னால் யாரும் ஒட்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, உங்கள் தடத்துக்குள்ளேயே அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து திரும்பி வாருங்கள். விரிவு செய்யாத வேலையை இந்த அசைவு செய்யும். கூடவே பெடலை நிறுத்திவிட்டு, விரல்களை பிரேக்கின் மேல் வையுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் குறைத்தால்கூட நிற்கும் தூரத்தில் நாலு மீட்டர் மிச்சம்.

நான் கண்டபடி, சாலையில் உலவும் பெரிய மூடநம்பிக்கை கண்ணோடு கண் பார்த்துவிட்டால் போதும் என்பது. நம் வாசகரும் அதைத்தான் நம்பியிருந்தார். எனக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. தலையசைத்து எனக்கு வழிவிடுவதாக நான் புரிந்துகொண்ட டிரைவர், உண்மையில் காரில் ஓடிய பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் உரசியதோடு போயிற்று.

அன்றிலிருந்து நான் முகத்தைப் பார்ப்பதில்லை, முன் சக்கரத்தைப் பார்க்கிறேன். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கும், உச்சிப் புள்ளியோ காரின் வேகத்தைப் போல இரண்டு மடங்கில் முன்னே போகும். நின்றிருக்கும் கார் கிளம்பும்போது, அதன் உடல் நகர்வது உறைப்பதற்கு முன்பே சக்கரத்தின் ஆரங்கள் சுழலத் தொடங்குவது தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதையும் அதே சக்கரம் காட்டிக்கொடுக்கும். ஆரம் அசைந்தால் என் விரல்கள் பிரேக்கை அழுத்திவிடும். டிரைவர் எங்கே பார்க்கிறார் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.