ஒரே ராத்திரியில மடி எப்படி கல்லாவுது?

பாலக்கோடு பக்கத்துல கறவ மாடு வெச்சிருக்கற ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, சாயங்காலம் நல்லா கறந்த மாடு, விடிஞ்சு பாத்தா மடி ஒரு பக்கம் கல்லு மாதிரி வீங்கி பால்ல திரிதிரியா வருது, ஒரே ராத்திரியில இவ்ளோ கிருமி எங்கிருந்து வந்துச்சுன்னு. கண்ணு பட்டுடுச்சுன்னு ஊர்ல சொல்றாங்களாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் இத கேக்கறேன், மொதல்ல மந்திரிச்சு கயிறு கட்டுவாங்க, ரெண்டு நாள் போனப்புறம்தான் டாக்டர், அதுக்குள்ள ஒரு காம்பே செத்துப் போயிருக்கும். எனக்கு இதுல நெஜமாவே கோவம் வருது.

கிருமி பெரும்பாலும் அந்த ராத்திரி வந்ததா இருக்காது, அதுக்கு முன்னாடியே உள்ள இருந்திருக்கும். மடிநோய்க்கு ஈகோலை மாதிரி பல பாக்டீரியா காரணம், நான் சொல்லப்போறது அதுல ஒண்ணான ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பத்தி. 1880கள்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு ஸ்காட்லாந்து சர்ஜன் சீழ மைக்ரோஸ்கோப்புல பாத்து ஸ்டெஃபைலோகாக்கஸ்னு பேரு வெச்சாரு.

இது கொஞ்சமா இருக்கறப்ப விஷத்த பெருசா வெளிய விடாது. ஒட்டிக்கறதுக்கான புரோட்டீனா செஞ்சுக்கிட்டு இருக்கும், கூடவே புரோட்டீன் ஏ, அது கிருமிய அடையாளம் காட்டற நம்ம ஒடம்போட ஆன்டிபாடிய தலகீழா புடிச்சு வெச்சுக்கும், அதனால வெள்ளை அணுவுக்கு இத சரியா புடிக்க முடியாது. ஆனா இதே நேரத்துல ஒவ்வொரு பாக்டீரியாவும் 7ல இருந்து 9 அமினோ அமிலம் இருக்கற ஒரு குட்டி பெப்டைட, அதாவது ஒரு சின்ன புரோட்டீன் துண்ட, வளைச்சு வெளிய விட்டுக்கிட்டே இருக்கும். கூட்டம் சேர சேர பெப்டைடும் சேரும், ஒரு அளவ தாண்டுனா அவங்கவங்க மேல்தோல்ல இருக்கற ஏஜிஆர்-சிங்கற புரோட்டீன் அத உணர்ந்து உள்ள இருக்கற ஏஜிஆர்-ஏங்கற இன்னொரு புரோட்டீன தட்டி விடும், அது அந்த பெப்டைடு செய்யற ஜீனையே இன்னும் வேகமா ஓட வைக்கும், அதனால சிக்னல் குபுகுபுன்னு ஏறிடும்.

அதே ஏஜிஆர்-ஏ இன்னொண்ணையும் செய்ய வைக்கும், ஆர்என்ஏ த்ரீ. எனக்கு உயிரியல்லயே ரொம்ப புடிச்ச மூலக்கூறு இதுதான். ஸ்கூல்ல என்ன படிச்சோம், ஆர்என்ஏன்னா டிஎன்ஏல இருக்கறத காப்பி எடுத்து, புரோட்டீன் செய்யற ரைபோசோமுக்கு கொண்டு போறது, அவ்ளோதான். இது வெறும் 514 எழுத்து, இதுக்குள்ளயும் ஒரு குட்டி விஷத்துக்கான குறிப்பு இருக்கு, ஆனா இதோட பெரிய வேல வேற. ஆல்ஃபா டாக்சின்ங்கற இந்த கிருமியோட முக்கியமான விஷத்துக்கான ஆர்என்ஏ தன்னையே மடிச்சுக்கிட்டு கெடக்கும், ரைபோசோம் ஏற எடமே இருக்காது. ஆர்என்ஏ த்ரீ போய் எழுத்துக்கு எழுத்து ஜோடி சேந்து அந்த மடிப்ப பிரிச்சு விடும், ஒடனே விஷம் தயாராக ஆரம்பிக்கும். அதே மூலக்கூறு புரோட்டீன் ஏ ஆர்என்ஏகிட்ட போனா நேர் எதிர், ரைபோசோம் ஏறற எடத்துலயே ஒட்டி மூடிடும், அப்புறம் ஒரு என்சைம் வந்து வெட்டியும் போட்டுடும். ஒண்ண தொறக்கறதும் இன்னொண்ண மூடறதும் ஒரே ஆளு! ஒட்டிக்கிட்டு ஒளிஞ்சிருந்த கூட்டம் தாக்கற கூட்டமா மாறிடும், ஆல்ஃபா டாக்சின் 7 துண்டா கூடி செல் சவ்வுல ஓட்டை போடும். சில மாட்டுக்கு மடி அழுகி கறுத்து சில்லுன்னு ஆகுதே, அதுல இந்த விஷத்துக்கு பெரிய பங்கு உண்டு.

இந்த பெப்டைடு 4 வகை இருக்கு, ஒரு வகையோட பெப்டைடு பெரும்பாலும் இன்னொரு வகை கிருமியோட சிக்னல அமுக்கிடும். அப்ப கிருமிய கொல்லாமலே அதோட சிக்னல மட்டும் கெடுக்க முடியுமான்னு உலகம் பூரா தேடிக்கிட்டு இருக்காங்க. நம்ம கால்நடை ஆராய்ச்சிக்கு இந்த மாதிரி வேலைக்கு நெறைய பணம் தரணும்ங்கறது என் கருத்து, பால்லதான் இங்க எத்தன குடும்பம் வண்டி ஓட்டுது.

அக்காவுக்கு ஒண்ணு. கறந்த ஒடனே காம்போட தொளை மூடிக்காது, அதனால கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரமாச்சும் மாட்ட படுக்க விடாதீங்க, காம்ப அயோடின் கரைசல்ல முக்கி எடுங்க. பால் திரியா வந்தா அன்னைக்கே டாக்டர கூப்புடுங்க, குடுக்கற ஊசிய வீக்கம் வத்திடுச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க.