திட்டு வாங்கிய நாய் சோபாவுக்குப் பின்னால் போகும்

சேலத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, உண்ணிக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அடுத்தபடியாக அதிகம் வரும் புகார் இதுதான். "தத்தெடுத்துப் பத்து நாளாச்சுங்க டாக்டர். அரை மணி நேரம் வெளிய நடத்திக் கூட்டிட்டு வர்றேன், ஒரு சொட்டுப் போறதில்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஹால்ல போயிருது. வேணும்னே பண்ணுதுங்க."

போன ஐப்பசியில் கன்னங்குறிச்சியிலிருந்து வந்த ஓர் அம்மாவும் இதையேதான் சொன்னார். தெருவில் அடிபட்டுக் கிடந்த இரண்டு வயதுப் பெண் நாயைத் தூக்கி வந்து, காலுக்குக் கட்டுப் போட்டு, நல்லபடியாகத் தேற்றியிருந்தார். ஆனால் தினமும் சோபாவுக்குப் பின்னால் ஈரம். "முதல் நாள் உள்ளே போனப்ப என்ன செஞ்சீங்கம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். வீட்டுக்காரர் அதன் மூக்கை ஈரத்தில் அழுத்தி, முதுகில் இரண்டு போட்டிருக்கிறார். அப்படித்தான் பழக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம்.

அந்த நாய் அன்று ஒரு பாடம் படித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் 'ஹாலில் போகக் கூடாது' என்பது அந்தப் பாடம் இல்லை. 'மனிதர் பார்க்கும்போது போனால் அடி விழும்' என்பதைத்தான் அது படித்தது. அதனால் வெளியே, கயிற்றின் மறுமுனையில் நீங்கள் நிற்கும்போது அடக்கிக்கொள்கிறது. வீட்டுக்குள் உங்கள் கண் மறைந்ததும் சோபாவுக்குப் பின்னால் போகிறது. காதை மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது பாருங்க" என்கிறார்கள். நம் குரல் ஏறியதைக் கண்டு பயப்படும் முகம் அது. பத்து நிமிடத்துக்கு முன் போனதற்கும் இப்போது வாங்கும் திட்டுக்கும் அதனால் முடிச்சுப் போட முடியாது.

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் அடியும் திட்டும் அடியோடு நிற்க வேண்டும். வெளியே போகும்போது நீளமான கயிறாகக் கட்டி, நாயைப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். அது போய் முடித்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியும் ஒரு தடவலும் கொடுங்கள். வீட்டுக்கு வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசு என்றுதான் நினைக்கும். இன்னொன்று, அது போனதும் இழுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். ஒன்றுக்குப் போனால் நடை முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்ட நாய், நடையை நீட்டிக்க அடக்கிவைக்கும். அந்த வீட்டு நாய்க்கு ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. "வேப்பமரத்தடியில போயிருச்சுங்க" என்று போனில் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

குட்டி என்றால் கணக்கு வேறு. எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்பது தோராயக் கணக்கு; அதுவே உச்ச வரம்பு. இரண்டு மாதக் குட்டியைப் பகலில் ஒன்றரை மணிக்கு ஒருமுறையாவது கொண்டுபோங்கள். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட அரை மணிக்குள்ளும் கட்டாயம். வயிறு நிறைந்தால் குடல் அசையும், அது உடம்பின் இயல்பு. அதனால்தான் சாப்பாட்டை நேரம் வைத்துப் போடச் சொல்கிறேன். தண்ணீரை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நம்மூர் சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து.

தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியைத் தெருமுனைக்கு அழைத்துப் போக வேண்டாம். குட்டிகளுக்கு உயிர்க்கொல்லி வாந்திபேதியைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மாடி வீட்டுக்காரர்கள் அகலமான டிரேயில் மண் நிரப்பிப் பால்கனியில் வைக்கலாம். தெருவில் பிறந்தவை மண்ணில் போய்ப் பழகியவை. டைல்ஸ் அவற்றுக்குப் புதிது.

வெயிலையும் யோசிக்க வேண்டும். ஏப்ரல் மதியம் மொட்டை மாடித் தரையில் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதமும் பொசுங்கும், அது மாடிக்கு வர மறுப்பதில் தப்பே இல்லை. ஏற்காட்டில் நிலைமை தலைகீழ். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரிலும் மழையிலும் ஈரப்புல்லில் கால் வைக்கப் பல நாய்கள் தயங்கும். கதவைத் திறந்துவிட்டு உள்ளேயே நிற்காமல், குடையோடு நீங்களும் கூடப் போங்கள். தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் காய்ந்த மண் இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே போய்விட்டால் பழந்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீர் வாசனையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. பழைய வாசனையைத் தேடி அதே இடத்துக்குத்தான் வரும். தரையில் நடந்த பாதத்தை நக்கினால் பினாயில் வயிற்றுக்குள்ளும் போகும். சிறுநீர் மேல் பிளீச்சிங் பவுடரைப் போடவே போடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

முதல் இரண்டு வாரம் வீடு முழுவதையும் திறந்துவிடாமல், நீங்கள் இருக்கும் அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தரையை முகர்ந்து வட்டமடித்தால் உடனே கிளம்புங்கள்.

இத்தனையும் செய்தும் சரியாகவில்லை என்றாலோ, நன்றாகப் பழகிய நாய் திடீரென்று உள்ளே போக ஆரம்பித்தாலோ, பழக்கத்தைக் குறை சொல்லும் முன் பரிசோதித்துவிடுங்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். கருத்தடை செய்யாத பெண் நாய் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. வரும்போது காலை முதல் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக் கொண்டுவாருங்கள். ஒரு பழைய கரண்டியைப் பின்னாலிருந்து நீட்டினால் பிடித்துவிடலாம்.