பூண்டுக்குக் காரம் வருவது அம்மியில்

தோசை மேல் தடவும் சிவப்புக் கார விழுதுக்கு, ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் தெலுங்குப் பெயரான எர்ர காரம்தான். ஊறவைத்த காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயம், கல்லுப்பு, கொஞ்சம் புளி. தோசையின் மேல் தடவுவதற்கு வேறெதுவும் வேண்டாம்.

உரித்த பூண்டுப் பல்லை முகர்ந்து பாருங்கள், பெரிதாக வாசனை இருக்காது. குழவி ஒரு தரம் ஏறி இறங்கியதும் அடுப்படி முழுக்க நெடி அடிக்கும். காரணம், பூண்டுக்குள் அந்தக் காரம் தயாராக இல்லை. அல்லின் என்ற கந்தகச் சேர்மமும் அல்லினேஸ் என்ற நொதியும் செல்லுக்குள் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கின்றன. செல் நசுங்கி இரண்டும் கலந்த சில நொடிகளிலேயே, காரமும் நெடியும் தரும் அல்லிசின் உருவாகிறது. கடிக்க வரும் பூச்சியை விரட்டப் பூண்டு செய்துவைத்த ஏற்பாடு அது. நாம் அதற்குத் தோசை சுட்டுக்கொண்டோம். 1944-இல் கவல்லிட்டோ, பெய்லி என்ற வேதியியலாளர்கள் அல்லிசினைப் பிரித்தெடுத்தார்கள்.

கத்தியால் நறுக்கினால் வெட்டுப்பட்ட ஓரத்துச் செல்கள் மட்டுமே உடையும். அம்மியில் கல்லுப்பும் சேர்ந்து உராய்வதால் பல் மொத்தமும் மசிந்துவிடும். மிக்ஸியும் நன்றாகவே உடைக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கைப்பிடி காரத்துக்கு அது சுற்ற வேண்டுமென்றால் தண்ணீர் விட வேண்டும். அப்புறம் காரம் தோசையில் நிற்காது, வழியும்.

"புளிய மொதல்லயே வச்சா பூண்டு எடுபடாது" என்பார் அம்மா. உண்மைதான், அந்த நொதிக்குப் புளிப்பு ஆகாது. ஒரு நாள் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தேன். மிளகாய் மட்டும்தான் தெரிந்தது.

மிளகாயின் கதை வேறு. அதற்குக் காரம் தரும் கேப்சைசினை அரைத்து உண்டாக்க வேண்டியதில்லை, காயிலேயே இருக்கிறது. சுமார் 43 டிகிரிச் சூட்டை உணரும் நரம்பு ஏற்பியை அது திறந்துவிடுவதால், சுடாமலே சுட்டதுபோல் எரிகிறது. 1997-இல் அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் அரைத்த கை எரிந்தால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுடுகல்லில் கிடக்கும் தோசையில் தடவியதும் அல்லிசின் சிதைந்து, பூண்டின் கூர்மை மழுங்கி மணம் மட்டும் நிற்கும். பச்சையாக அதன் முழு வேகத்தையும் பார்க்க வேண்டுமானால், அம்மியில் ஒட்டிய மிச்சத்தில் ஒரு பிடி சோற்றைப் புரட்டி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உருண்டைக்குத்தான் சண்டை நடக்கும்.