வீட்டு சர்வருக்கு யுபிஎஸ் வாங்கப் போறீங்களா, எத்தனை நிமிஷம்ங்கிறத கடைசியா பாருங்க

பெங்களூர்ல ஏப்ரல், மே சாயங்காலம் இடி மழைன்னு ஆரம்பிச்சா மரக்கிளை ஒயர் மேல விழுந்து கரண்ட் போறது சகஜம், அதனால நம்மாளுங்க நிறைய பேர் வீட்டுல இன்வெர்ட்டர் ஏற்கனவே இருக்கு. இப்போ அதே வீட்டுல ஒரு ஓரமா பழைய பிசியையோ மினி பிசியையோ சர்வரா மாத்தி, குழந்தைங்க போட்டோ, ஊர்ல எடுத்த வீடியோ, கேமரா ரெக்கார்டிங் எல்லாம் அதுல போட்டு வைக்கிறவங்களும் அதிகமாயிட்டாங்க. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நிறைஞ்ச எஸ்.பி. ரோடுக்கு யுபிஎஸ் வாங்கப் போனா எல்லாரும் மொதல்ல கேக்குறது "அண்ணா, எவ்ளோ நேரம் நிக்கும்?" அது தேவையான கேள்வி தான், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி இருக்கு. எவ்வளவு வேகமா பேட்டரிக்கு மாறும்? கரண்ட் போச்சுன்னு சர்வர்கிட்ட சொல்லுமா?

மாறுற வேகத்த எடுத்துப்போம். நம்ம நாட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு முழு அலைக்கு 20 மில்லிசெகண்ட். லைன் இன்டராக்டிவ்னு விக்கிற சாதாரண யுபிஎஸ் 4ல இருந்து 10 மில்லிசெகண்டுக்குள்ள மாறிடும். வீட்டு இன்வெர்ட்டர்ல யுபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருந்தா அதுல போட்டதும் ஓரளவு கிட்ட வரும், நார்மல் மோடுல இன்னும் மெதுவா தான் மாறும். அந்த இடைவெளியில பிசி எப்படி அணையாம நிக்குதுன்னா, பவர் சப்ளைக்குள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர் தான் காரணம், மோட்டார் நின்னாலும் மாடி டேங்க்ல தண்ணி இருக்குற வரைக்கும் குழாய் ஓடுதுல்ல, அதே வேலை. உதாரணத்துக்கு 330 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 390 வோல்ட்ல நிக்குதுன்னு வெச்சுக்கோங்க, அது 300 வோல்ட்டுக்கு இறங்குற வரைக்கும் சுமார் 10 ஜூல் குடுக்கும். சர்வர் 450 வாட் இழுத்தா அது 20 மில்லிசெகண்ட் தாங்கும், வெறும் 60 வாட் இழுத்தா கிட்டத்தட்ட 150 மில்லிசெகண்ட் தாங்கும்! இன்வெர்ட்டருக்கு மாறும்போது டெஸ்க்டாப் அசையாம நிக்குது, பக்கத்துல இருக்குற ரவுட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகுதுன்னு நிறைய பேர் குழம்புவாங்க, விஷயம் இது தான், ரவுட்டர் அடாப்டருக்குள்ள இருக்குற கெப்பாசிட்டர் ரொம்ப குட்டி. அதனால யுபிஎஸ் வாங்கினா ரவுட்டர், ஃபைபர் பாக்ஸ், நெட்வொர்க் சுவிட்ச் மூணையும் சர்வரோட சேத்து அதுலயே மாட்டுங்க.

ஆன்லைன் யுபிஎஸ்ல மாறுற நேரமே கிடையாது, கரண்ட் இருந்தாலும் இல்லேன்னாலும் எப்பவும் அதுக்குள்ள இருக்குற இன்வெர்ட்டர் வழியா தான் ஓடும், ஆனா ஃபேன் சத்தம் நாள் முழுக்க இருக்கும், கரண்ட்டும் வீணாகும், வீட்டுக்கு அது வேண்டாம்ங்கிறது என் கருத்து.

அடுத்து அலையோட வடிவம். விலை கம்மியான யுபிஎஸ் பேட்டரில ஓடும்போது வளைவான சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி கட்டம் கட்டமா தான் தரும். 80 பிளஸ் ஸ்டிக்கர் ஒட்டின பவர் சப்ளைல பெரும்பாலும் ஆக்டிவ் பிஎஃப்சிங்கிற சர்க்யூட் இருக்கும், அது வோல்டேஜ் அலை எப்படி ஏறி இறங்குதோ அதே மாதிரி கரண்ட்ட இழுக்கப் பாக்கும், அலை சைபர்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு திடீர்னு குதிச்சா ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் கரண்ட் பாய்ஞ்சு வரும், சில யுபிஎஸ் அத ஓவர்லோடுன்னு நெனச்சு மொத்தமா அணைஞ்சிடும். எல்லா சப்ளையும் இப்படி பண்ணாது, ஆனா பெரிய சப்ளை போட்ட சர்வர்னா சைன் வேவ் யுபிஎஸ்ஸுக்கே காசு போடுங்க. சின்ன அடாப்டர்ல ஓடுற மினி பிசிக்கு இந்த கவலை இல்ல.

இப்போ நேரக் கணக்கு. பெட்டி மேல 600 விஏன்னு இருந்தா அதுல பெரும்பாலும் 360 வாட் தான் எடுக்க முடியும், அதனால விஏவ விட்டுட்டு வாட் என்னன்னு கேளுங்க. உள்ள இருக்குற 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி கணக்குப்படி 84 வாட் அவர், 60 வாட் லோடுக்கு ஒரு மணி நேரம் 24 நிமிஷம் வரணும். வராது. அந்த 7ங்கிறது 20 மணி நேரம் மெதுவா எடுத்தா கிடைக்கிற அளவு, வேகமா இழுத்தா ஈய பேட்டரி குடுக்கிறது குறையும், பேட்டரி கரண்ட்ட 230 வோல்ட்டா மாத்துறதுல கொஞ்சம் சூடா வீணாப் போகும், ஏறக்குறைய பாதி நேரம்னு வெச்சுக்கிறது நல்லது.

மணிக்கணக்கா ஓடணும்னா வீட்டு இன்வெர்ட்டரோட 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி இருக்கே, அது 1800 வாட் அவர். இன்வெர்ட்டர் லைன்ல குட்டி யுபிஎஸ்ஸ மாட்டி அதுல சர்வர மாட்டினா நீண்ட நேரத்த இன்வெர்ட்டர் பாத்துக்கும், மாறுற அந்த நொடிய யுபிஎஸ் பாத்துக்கும். இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கணும், இல்லேன்னா சில யுபிஎஸ் அந்த அலைய ஏத்துக்காம தன் பேட்டரிய காலி பண்ணும்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படுறது யுஎஸ்பி கேபிள். பேட்டரி எவ்ளோ பெருசா இருந்தாலும் ஒரு நாள் தீரும், அப்போ சர்வர் படக்குனு அணைஞ்சா எழுதிட்டு இருந்த டேட்டாபேஸ் பாதில நிக்கும், ஹார்ட் டிஸ்க் சுத்துற வேகத்துல மிச்சம் இருக்குற சக்திய வெச்சு தலைய அவசரமா ஒதுக்கும், டிஸ்க் தன் ஆரோக்கியத்தப் பத்தி தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல பெரும்பாலும் 192ம் நம்பர்ல அத எண்ணி வெச்சிருக்கும், உங்க டிஸ்க்ல ஒரு தடவை பாருங்க. யுபிஎஸ்ல யுஎஸ்பி போர்ட் இருந்து, சர்வர்ல நட் (NUT, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்)ங்கிற இலவச சாஃப்ட்வேர் போட்டா பேட்டரி இறங்கினதும் எல்லாத்தையும் ஒழுங்கா மூடிட்டு அணைக்கும், நெட்வொர்க் வழியா மத்த மெஷினுக்கும் சொல்லும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடல் நட் லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துடுங்க, யுஎஸ்பி போர்ட்டே இல்லாத மாடல் விலை கம்மினாலும் எடுக்காதீங்க.

இதுல ஒரு சிக்கல் வரும். சர்வர் ஒழுங்கா அணைஞ்சிடுச்சு, ஆனா யுபிஎஸ் பேட்டரி தீருறதுக்கு முன்னாடியே கரண்ட் வந்துடுச்சுன்னா, சர்வரப் பொறுத்தவரைக்கும் பவர் போகவே இல்ல, அதனால அது தானா எழுந்திருக்காது, நீங்க சேலத்துல இருந்தா வீட்டுக்கு வந்து பட்டன அமுக்கணும். அதுக்கு தான் நட்ல ஒரு வசதி இருக்கு, சர்வர் அணைஞ்சதும் யுபிஎஸ் தன் அவுட்புட்டையும் வெட்டிட்டு கரண்ட் வந்தப்புறம் திரும்ப குடுக்கும், பயாஸ்ல, அதாவது பிசி ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்ல, பவர் வந்தா ஆன் ஆகணும்னு வெச்சிட்டா போதும்.

மாட்டினதும் சுவத்து சுவிட்ச ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணுங்க, பிளக்க உருவாதீங்க, எர்த் போயிடும். மொதல்ல சர்வருக்கு பதிலா ஒரு டேபிள் லாம்ப மாட்டி பாத்துட்டு அப்புறம் சர்வரோட பாருங்க. யுபிஎஸ்ஸ அலமாரிக்குள்ள அடைக்காதீங்க, 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியோட ஆயுசு ஏறக்குறைய பாதியாகும், அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இதே சுவிட்ச் டெஸ்ட்ட திரும்ப பண்ணி எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு எழுதி வெச்சுக்கோங்க, அந்த எண்ணு பாதிக்கு வந்துட்டா புது பேட்டரி வாங்கிடலாம்.