நரம்பு நோயில் மூளை வீங்குவது எதனால்?

2025 ஜனவரியில் புனேயில் கில்லன் பாரே நோய் திடீரெனப் பரவியபோது, அந்தப் பெயர் தமிழ்ச் செய்திகளிலும் அடிக்கடி அடிபட்டது. அதையொட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: கை கால் நரம்புகளைத் தாக்கும் நோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அரிதாகச் சிலருக்கு வலிப்பு வருவதும் பார்வை போவதும் எதனால்?

நோயின் அடிப்படையைப் பலரும் அறிவர். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில வாரங்களுக்குள், கிருமியை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள் நரம்புகளையே தாக்க, கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேல்நோக்கிப் பரவுகிறது. இதற்கு, கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலினை உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 2 கிராம் வீதம், வழக்கமாக 5 நாள்களுக்குப் பிரித்து ஏற்றுவார்கள். அல்லது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவார்கள்.

மூளைக்கான ஆபத்து, ரத்த அழுத்தம் போன்றவற்றை நம் விருப்பமின்றியே இயக்கும் தன்னியக்க நரம்புகள் பழுதாவதில் தொடங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணரிகள் ரத்த அழுத்தத்தை ஓயாமல் மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன. அச்செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகளும் நோயில் சிக்கினால், அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி இறங்கும்.

அப்போதும் மூளைக்கு இன்னொரு காவல் உண்டு. உடலியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அறியேன். ரத்தம் உள்ளிருந்து அழுத்தும்போது மூளையின் நுண்தமனிச் சுவரிலுள்ள தசைச்செல்கள் இழுபடுகின்றன. இழுபட்டதும் அவற்றுக்குள் கால்சியம் நுழைகிறது, தசை சுருங்குகிறது, குழாய் குறுகுகிறது. எந்த நரம்பின் உத்தரவுக்கும் காத்திராமல் குழாயே இதைச் செய்துகொள்கிறது. சராசரித் தமனி அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை எங்கிருந்தாலும், மூளைக்குச் செல்லும் ரத்தத்தின் அளவு பெரிதும் மாறாதிருக்க இது முக்கியக் காரணம். அந்த மேல் எல்லையைத் தாண்டினால், சுருங்கியிருந்த குழாய் வலிந்து விரிகிறது. உட்சுவர்ச் செல்களுக்கிடையிலான இறுக்கமான இணைப்புகள் விலகி, நீர் மூளைத்திசுவுக்குள் கசிகிறது. மூளை வீங்குவதும் வலிப்பு வருவதும் இதனால்தான். மூளையின் பின்பகுதித் தமனிகளுக்குத் துணைநின்று அவற்றைச் சுருக்கும் பரிவு நரம்பிழைகள் (தன்னியக்க நரம்புகளில் ஒரு வகை) குறைவு என்பதால் அங்கே கசிவு அதிகம் என்று கருதப்படுகிறது. பார்வையை உணரும் புறணியும் (மூளையின் மேலடுக்கு) அங்கேதான் இருக்கிறது. ஆகவே டார்ச் வெளிச்சத்துக்குக் கண்பாவை சரியாகச் சுருங்கினாலும், நோயாளிக்கு எதிரில் நிற்பவர் தெரியாமல் போகலாம்.

1996இல் 15 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வு தனி நோய்க்குறியாக விவரித்த இந்நிலையை, மருத்துவர்கள் இன்று 'பிரெஸ்' (PRES: மூளையின் பின்பகுதியில் வந்து மீளக்கூடிய பாதிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அழைக்கிறார்கள். அழுத்தம் அதிகம் ஏறாதவர்களுக்கும் இது வருவதுண்டு. அழற்சியில் சுரக்கும் சைட்டோகைன்கள் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் குழாயின் உட்சுவரை நேரடியாகத் தளர்த்துவது அதற்கு ஒரு விளக்கம். ரத்தத்தின் பிசுபிசுப்பைக் கூட்டும் இம்யூனோகுளோபுலின் மீதும் சந்தேகம் உண்டு என்றாலும், மருந்து ஏற்றுவதற்கு முன்பே மூளை வீங்கியவர்களும் இருப்பதால், முழுப் பழியையும் அதன்மேல் போட்டுச் சிகிச்சையையே மறுப்பது தவறு.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வீக்கத்தைக் கண்டதும், அழுத்தத்தைச் சட்டெனச் சரிக்காமல் படிப்படியாகக் குறைத்து, வலிப்பை அடக்குவார்கள். விலையுயர்ந்த மருந்துக்கு அரசு பணம் ஒதுக்குவது அவசியமே. இரவிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிக்கும், அதைக் கவனிக்கும் செவிலியருக்கும் அதே அக்கறையுடன் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உரிய நேரத்தில் கண்டறிந்தால் பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ வாரங்களிலோ வீக்கம் வடிந்து பார்வை திரும்பும். தாமதித்தால் ரத்தக்கசிவும் நிரந்தரப் பாதிப்பும் நேரலாம்.